ஆட்டுக்குட்டி கால்

விடுமுறையில் பள்ளிக்குப் பூட்டு உண்டு.
அதன் இணையத்துக்கு இல்லை.
வேலியோரம் மூன்றாவது கம்பம் வரை கசியும்.
நான்காவதில் வெறும் காற்று,
தக்குவாரெம்போவின் செப்டம்பர்க் காற்று,
யூகலிப்டஸ் வாசனையோடு.

அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி
எல்லோரிடமும் இருந்தது.
யமாந்துவுடையதில் அவன் தம்பி பாலைக் கொட்டி
ஒரு மாதமாகிறது.
அதனால்தான் என்னிடம் வந்தான்,
குதிரையைக்கூடக் கட்டாமல்.
நான் வீட்டுப்பாடத்தில் இருந்தேன்,
நாட்டின் ஆறுகள்:
நெக்ரோ, யீ, கெகுவாய்…
‘கொஞ்சம் தள்ளு, நசரேனா’ என்றான்.
தள்ளவில்லை.
அவன் சொல்லச் சொல்ல நானே தட்டினேன்.

தலை வந்துவிட்டது.
ஒரு கால் வந்துவிட்டது.
இன்னொரு கால் வரவில்லை.
அப்பா ஏலத்துக்குப் போயிருக்கிறார்.
அம்மாவின் மணிக்கட்டில் மாவுக்கட்டு.
இவ்வளவையும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள்
எப்படிப் போடுவது?
ஆட்டுக்குட்டி கால் என்று போட்டேன்.

பூண்டு நான்கு பல் என்றது அது.
ரோஸ்மேரி ஒரு கொத்து.
இருநூறு டிகிரியில் ஒன்றரை மணி நேரம்.
படத்தில் கால் பொன்னிறமாக இருந்தது.
யமாந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்தது
எங்கள் வயதுக்கென்றே செய்த தளம்.
கண்சிமிட்டும் ஆடு ஒன்று கேட்டது:
எனக்குக் கம்பளி எதற்கு?
சரியான விடையைத் தொடு!
தொட்டோம்.
மூன்று நட்சத்திரங்கள் விழுந்தன.

பிறகு ஒரு காணொளி. எந்தத் தீவோ.
மழைக்கோட்டு போட்ட ஒருவர்
ஆங்கிலத்தில் சிரித்துப் பேசியபடி
ஆட்டுக்குள் முழங்கை வரை போனார்.
அங்கே வட்டம் சுற்றத் தொடங்கியது.
சுற்றியது.
சுற்றியது.
அவர் கை உள்ளேயே இருந்தது.

‘சினை என்று போடு.
மடங்கியது என்று போடு.
வரமாட்டேங்குது என்று போடு.’
பூட்டுக்குச் சாவி பார்ப்பதுபோல
சொற்களை மாற்றி மாற்றிப் போட்டேன்.
எல்லைக்கு அப்பாலிருந்து
போர்த்துகீசிய மொழியில் ஒரு பக்கம் திறந்தது.
எங்களுக்குப் பாதி புரியும்,
டிவி தொடர்களின் புண்ணியம்.
மீதியைக் கோட்டுப் படத்தில் படித்தோம்.
பேட்டரியில் ஒன்பது சதவீதம்.

தாள் இல்லை.
சட்டைக்கையைச் சுருட்டி நீட்டினான்.
வலது கை.
நீலப் பேனாவால் எழுதினேன்:

சோப்பு போடு.
முக்கல் நிற்கும்போது தலையை மெல்ல உள்ளே தள்ளு.
மடங்கிய முட்டியைத் தேடு.
குளம்பை உள்ளங்கையில் பொத்து,
இல்லையென்றால் கிழித்துவிடும்.
முன்னால் கொண்டு வா.
கீழ்நோக்கி இழு.

முழங்கைக்கு மேல் இடம் போதவில்லை.
மூன்றாவது கம்பம், நான்காவது கம்பம்,
பிறகு புழுதி.

இடது கையில் எழுதியிருக்கலாம்.
தோன்றவில்லை.
முதல் வரியைச் செய்தபோதே
சோப்பில் பாதி போய்விட்டதாம்.
மிச்சமிருந்தது கையோடு உள்ளே போனது.
‘அடுத்து என்ன?’ என்று அம்மா கேட்டாளாம்.
‘பார்க்கிறேன்’ என்றானாம்,
வைக்கோலில் கன்னம் வைத்துப் படுத்து,
ஒன்றையும் பார்க்காமல்.

முட்டி கிடைத்தது. குளம்பு கிடைத்தது.
குட்டி தும்மியது.
காதோரம் லேசாக நீலம் இருந்ததென்கிறான்.
யமாந்து கொஞ்சம் அளப்பவன்.

பின்னால் இரண்டாவது குட்டி இருந்தது.
அதை நாங்கள் தேடவே இல்லை.
அது தானாகவே வந்துவிட்டது,
இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு,
நீச்சல் குளத்தில் குதிப்பதுபோல.

திங்கட்கிழமை கிரிசெல்தா டீச்சர்
ஆறுகளைக் கேட்டார்.
என்னிடம் மூன்றுதான் இருந்தன.
நான்காவதற்குப் பேட்டரி இல்லை என்றேன்.
பின்பெஞ்சில் யமாந்து சட்டைக்கையை இறக்கிவிட்டான்.

என் கணினி மட்டும் இன்னும் மறக்கவில்லை.
எதைத் திறந்தாலும் ஓரத்தில் வந்து நின்று
பொன்னிறமாக ஒரு காலை நீட்டி,
பூண்டு இருக்கிறதா என்று கேட்கிறது.